மெமோவும் பாராட்டுக் கடிதமும்

"ஓசியில கிடைக்கிறதுக்கு மரியாதை அவ்வளவுதாம்மா. காசு குடுத்தாத்தான் கேட்ட உடனே பதில் வரும்" என்றார் மேனேஜர்.

பதில் வரவில்லை. ஃபோனில் முக்கால் மணி நேரமாகப் பாட்டுதான் வந்துகொண்டிருந்தது.

அந்த ஆஸ்பத்திரி லேபின் கம்ப்யூட்டர்கள் ஆறு வருஷமாக, உலகமெங்கும் ஆர்வலர்கள் கூடி இலவசமாகத் தரும் ஒரு லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடின. பார்த்துக்கொண்டது சிஸ்டம் அட்மினாக இருந்த ஒரு பெண். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட யாரையும் கூப்பிட்டு அதட்டும் வாய்ப்பு மேனேஜருக்குக் கிடைக்கவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தல்.

போன மாதம் எல்லாவற்றையும் ஒரு பெரிய கம்பெனி விற்கும் லினக்ஸுக்கு மாற்றினார். பாஸ்வேர்டெல்லாம் கம்பெனிக்குப் போனது. அவளுக்கு மிஞ்சியது ஒரு நாற்காலியும், ஒரு பழைய கம்ப்யூட்டரும், மேனேஜர் சூட்டிய 'ஓசியம்மா' என்ற பட்டமும்தான்.

இன்று காலை கம்பெனி ஒரு அப்டேட் அனுப்பியது. அதிலிருந்து, ரத்தம் பரிசோதிக்கும் மெஷின் ஓடுகிறது, ரிசல்ட் மட்டும் கம்ப்யூட்டருக்கு வரவில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். மாடியில் பிரசவத்துக்கு வந்தவளுக்கு உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும். ரத்த ரிப்போர்ட் எங்கே என்று டாக்டரம்மா மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்.

"சார், இது எனக்குத் தெரியும். ரெண்டு வரி மாத்தினா போதும். பாஸ்வேர்டு குடுங்க."

"நீங்க கை வெச்சா ஒப்பந்தமே செல்லாது. படிச்சீங்களா?"

"அப்ப ஃபோனையாவது குடுங்க. அவங்ககிட்ட நான் சொல்றேன்."

"கம்பெனிக்கே பாடம் எடுக்கப் போறீங்களாக்கும்! பேசாம உக்காருங்க, ஓசியம்மா."

உட்கார்ந்தாள்.

ஒருவழியாகப் பாட்டு நின்று ஒரு இன்ஜினியர் பேசினான். "உங்கள் பொறுமைக்கு நன்றி சார்" என்றான். இல்லாத ஒன்றுக்கு நன்றி சொல்வது அவன் வேலை. திரையில் வந்த பிழைச் செய்தியை வரி வரியாக எழுதிக்கொண்டான். "சீனியர்கிட்ட கேட்டுட்டு வர்றேன் சார், லைன்லயே இருங்க."

மறுபடியும் அதே பாட்டு.

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். ஓசியம்மா தன் கம்ப்யூட்டரில் மும்முரமாக ஏதோ டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அது?"

"ஃபோரம் சார். லினக்ஸ்காரங்க பேசிக்கிற இடம்."

"மேல ஒரு உசிரு தவிக்குது, உங்களுக்கு அரட்டை கேக்குதா?"

"ஒரே நிமிஷம் சார். முடிச்சிடறேன்." அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

மேனேஜருக்கு ரத்தம் கொதித்தது. உடனே ஒரு மெமோ அடித்தார். 'அவசர நேரத்தில் அரட்டை. தகுந்த விளக்கம் தராவிட்டால் வேலையிலிருந்து நீக்கப்படுவீர்கள்.' அதை அவள் மேஜையில் வைத்தார். படித்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு வருஷ வேலை, இரண்டே வரியில் முடிந்துபோகும் போலிருந்தது.

பாட்டு நின்றது.

"கண்டுபிடிச்சாச்சு சார்! இப்ப பாருங்க."

பிரிண்டர் கடகடவென்று ரிப்போர்ட்டுகளைத் தள்ளியது. பிரசவத்துக்கு வந்தவளின் ரிப்போர்ட்டை நர்ஸ் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

மேனேஜர் ஸ்பீக்கரைப் போட்டார். இந்தப் பேச்சை லேபே கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"இதுக்குத்தான்யா காசு குடுக்கணும்கிறது! தம்பி, உங்க சீனியருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதி, நம்ம நோட்டீஸ் போர்டுலயும் ஒட்டப் போறேன். சிலர் பாத்துக் கத்துக்கட்டும். அவர் பேரைச் சொல்லுங்க."

"அது வந்து சார்... சீனியர் ரெண்டு வாரமா லீவு."

"பின்ன யார் சொன்னது?"

"தப்பா நெனைக்காதீங்க சார். எனக்கு வேற வழி தெரியல. அந்த இலவச லினக்ஸ்காரங்க ஃபோரத்துல கேட்டேன். மூணே நிமிஷத்துல ஒருத்தர் பதில் போட்டுட்டாங்க. கடைசியில, 'மாடியில ஒரு பொண்ணு பிரசவ வலியில இருக்கா, சீக்கிரம் செய்ப்பா'ன்னு எழுதியிருந்தாங்க. நான் ஆஸ்பத்திரின்னே சொல்லல சார்! எப்படித்தான் தெரிஞ்சுதோ!"

மேனேஜர் கையில் பேனா அப்படியே நின்றது.

"அங்க எல்லாரும் பட்டப்பேருலதான் சார் இருப்பாங்க. கடிதத்துக்கு வேணும்னா எழுதிக்கோங்க. ஓசியம்மா. எழுத்துக் கூட்டிச் சொல்லட்டுமா சார்?"

வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெயரை வைத்தவரே அவர்தானே!