விட்டுப்போன ஐந்து தண்ணீர்

வாய்மொழித் தேர்வில் ஞானதுரை சார் கரும்பலகையில் CuSO₄·5H₂O என்று எழுதினார். பேர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இசக்கியம்மாள் எப்போதும்போல் எழுத்துக்கு ஒரு விரலாக மடக்கி எண்ணிவிட்டு, "காப்பர் சல்ஃபேட் சார்" என்றாள். வெறும் மேசையின்மேல் ஒரு கைப்பிடி வெள்ளைப் பொடி வந்து உட்கார்ந்திருந்தது. இருவருமே அதைக் கொண்டுவரவில்லை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தண்ணீர் சேராத காப்பர் சல்ஃபேட் வெள்ளையாகத்தான் இருக்கும்.

"அஞ்சு தண்ணிய விட்டுட்டியேம்மா" என்றார் மெல்ல.

"பென்டாஹைட்ரேட் சார்."

பொடி ஓரத்திலிருந்து நீலமேறி, மயில் கழுத்துபோல் மினுங்கும் படிகங்களாக எழுந்தது. அவளுக்குக் கும்பிடத் தோன்றியது. அப்புறம்தான் சாரின் டம்ளரைக் கவனித்தாள். நிறைய இருந்த தண்ணீர் அடியில் கிடந்தது. அலமாரியிலிருந்த செம்புக் கம்பிச் சுருளையும் காணோம். பேர் சொன்னால் பொருள் வருகிறது. பக்கத்தில் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து வருகிறது.

"இன்னும் ஒண்ணுதாம்மா. சொல்லிட்டா பாஸு." சார் கேள்வி உறையைப் பிரித்து, உள்ளே இருந்ததைப் பார்த்து எழுதினார்: Ca₅(PO₄)₃OH. எலும்பும் பல்லும் எதனால் ஆனவையோ, அது. பேர் அவளுக்கு நன்றாகவே தெரியும். நாக்கு நுனிவரை வந்து நின்றது. எண்ணுவதற்காக மடக்கிய விரல்களை அவள் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். சுண்ணக்கட்டியைப் பிடித்திருந்த சாரின் விரல்களையும் பார்த்தாள்.

"தெரியலையாம்மா?" என்றார் சார்.