மூன்று ஊர் பீர்

"கோல்ன்ல குடிக்கிறதா இருந்தா ஒன்னு ஞாபகம் வச்சுக்க. கிளாஸ் மெலிசா, சின்னதா இருக்கும். நீ முடிக்க முடிக்க அடுத்தது வந்துக்கிட்டே இருக்கும். போதும்னு வாயால சொல்ல வேண்டியதில்ல. கிளாசுக்கு அடியில வைக்கிற மட்டைய எடுத்து மேல மூடிறணும். அப்பத்தான் நிறுத்துவான்."

மேர்வின் சொல்லச் சொல்ல ஜீவராஜ் தலையாட்டினான். நானுஓயா ஸ்டேஷன் மேடை வாங்குப் பலகையில் இருவருக்கும் நடுவே பால் விடாத பிளேன்டி இரண்டு கிளாஸ் ஆறிக்கொண்டிருந்தது. காலடியில் புத்தம்புதுப் பெட்டி.

மேர்வினுக்கு நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் பாரில் வேலை. அங்கே வந்து தங்கும் ஜெர்மன்காரர்கள் ஆளுக்கொரு ஊர். ஒவ்வொருவருக்கும் தன் ஊர் பீர்தான் பீர்.

"பாம்பேர்க்ல?"

"அது புகை பீர். தானியத்த விறகுப் புகையில காய வைப்பானுங்களாம். மொத வாய் குமட்டும், மூணாவது கிளாஸ்ல பிடிச்சிரும்னாரு ஒரு வெள்ளக்காரரு."

"நம்ம தோட்டத்து லயத்து அடுப்படியில ஒக்காந்து குடிச்ச மாதிரின்னு சொல்லு."

"லைப்ஸிக் போனா உப்பும் கொத்தமல்லியும் போட்ட பீரு."

"பீரா, ரசமாடா?"

"நீ சிரிக்கிறே. மிலான் சிரிக்க மாட்டான்."

அந்தப் பெயரைக் கேட்டதும் ஜீவராஜின் சிரிப்பு அடங்கிவிட்டது. மிலான் அவன் மனைவி நிலக்ஷியின் அண்ணன். உடப்புசல்லாவையில் லொறி ஓட்டுகிறவன். கத்தாருக்குப் போன ஜீவராஜ் மூன்றே மாதத்தில் வெறுங்கையோடு திரும்பியதை இன்னும் மறக்காதவன். "ஜெர்மன் பயணமும் பொய்யாப் போச்சுன்னா தங்கச்சியையும் பிள்ளையையும் நான் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்" என்று லயமே கேட்கச் சொன்னவன்.

"கட்டடத்தப் பாத்தியா, பாலத்தப் பாத்தியான்னா கேக்கப் போறான் அந்தக் குடிகாரன்?" என்றான் மேர்வின். "எந்த ஊர்ல என்ன குடிச்சேன்னுதான் கேப்பான். யோசிச்சு எடு. பெர்லின் வேணுமா? அங்க புளிப்பு பீரு. செவப்பா, பச்சையா இனிப்புப் பாணி ஊத்திக் குடுப்பானுங்க."

"அய்யோ, வேணாம். சர்பத் குடிச்சவன்னு பேர் வச்சிருவான்."

"மூணு ஊரு போதும். அதுக்கு மேல போனா ஒளறிருவே."

கொழும்புக்குப் போகிற ரயில் வந்து நின்றது. முதுகுப் பைகளோடு வெள்ளைக்காரர்கள் முண்டியடித்து ஏறினார்கள். ஜீவராஜ் அவர்களுக்குக் கால் தடுக்காமலிருக்கப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ரயில் போன இடத்தில் பனிமூட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"கோல்ன், பாம்பேர்க். மூணாவதா மியூனிக். அது எப்பிடிடா இருக்கும்?"

"கோதும பீரு. கலங்கலா, வாழப்பழ வாசத்தோட இருக்கும். கசப்புக் கம்மி."

"கசப்பில்லாதது எனக்கு எங்க ஒத்துவரப் போகுது?"

மேர்வினின் பார்வை ஜீவராஜின் முழங்கைக்குக் கீழே நின்றது. "சட்டைக் கைய எறக்கி விடு. தழும்பு தெரியுது."

கொழும்பு மருதானைப் பேக்கரி அடுப்பு சுட்டு இழுத்துவிட்ட கோடுகள் அவை. ஜீவராஜ் கையை இறக்கிப் பொத்தானையும் போட்டான்.

"சரி, இன்னொருக்கா சொல்லு. புகை பீர் எங்க?"

"கோல்ன்... இல்ல, பாம்பேர்க்."

"இந்தத் தடுமாத்தம்தான்டா ஒன்னக் காட்டிக் குடுக்கும். திரும்பச் சொல்லு."

ஜீவராஜ் சட்டைப்பையிலிருந்த நெருப்புப் பெட்டியை எடுத்துத் தன் பிளேன்டி கிளாஸின் மேல் வைத்தான். மேர்வினுக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டான்.

அப்போது போன் அடித்தது. நிலக்ஷி. ஜீவராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றான்.

"வந்தாச்சு, நிலக்ஷி. காலையிலதான் கட்டுநாயக்கவுல பிளேன் எறங்குச்சு. இப்ப நானுஓயாவுல நிக்கிறேன்." சிரிப்பை வரவழைத்துக்கொண்டான். "ரெண்டு வருசம் ஜெர்மன் குளிர்ல கெடந்தவனுக்கு இதெல்லாம் ஒரு குளிரா?"

மேர்வின் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஏஜென்சிக்காரன் பாஸ்போர்ட்டோடு மறைந்த நாளிலிருந்து இன்று காலை வரை ஜீவராஜின் ஜெர்மனி அந்தப் பேக்கரிதான் என்பது மலையில் அவன் ஒருவனுக்கே தெரியும்.

நிலக்ஷியை ஏமாற்றுவது சுலபமாகத்தான் இருந்தது. இரண்டு வருடத்தில் பனி கொட்டும் படம் ஒன்று அனுப்புங்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவ்வளவு நம்பிக்கை என்று ஜீவராஜ் நினைத்து நினைத்துக் குமைந்திருக்கிறான்.

"ஒங்க அண்ணே வந்திருக்காரா?"

"வந்திருக்காங்க. காலையிலருந்து வாசல்லதான் ஒக்காந்திருக்காங்க."

"இருக்கச் சொல்லு. எந்தெந்த ஊர்ல என்னென்ன பீர் குடிச்சேன்னு வந்து கதை கதையாச் சொல்றேன்."

மறுமுனையில் கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு நிலக்ஷியின் குரல் தணிந்து வந்தது. அதில் கோபம்கூட இல்லை.

"அந்தக் கதைய அண்ணனோட வச்சிக்கோங்க, பிள்ளைக்கு நீங்க சுட்ட மருதானைப் பாண் ஒரு றாத்தல் கொண்டாந்திருக்கீங்களா?"