விரல் வைக்காத நீதிபதி

தமயந்தி நீதிபதியாகப் பதவியேற்ற அன்று வீடெல்லாம் பிரியாணி மணந்தது. மகள் இலை போடும்போதே முதல் வழக்கு கைபேசியில் வந்து நின்றது. தீர்ப்பைக் கணினியே எழுதியிருந்தது: ரோசலின் என்பவளிடமிருந்து அவள் குழந்தையைப் பிரிக்க வேண்டும். நீதிபதி விரல் வைத்தால் போதும்.

“வச்சுட்டு சாப்பிட வா. எல்லாரும் அப்படித்தான். மறுத்தா பதவி போயிடும்” என்றார் கணவர் செல்வின்.

“அந்தப் பொண்ணு என்ன சொல்றான்னு யாருமே கேக்கலையேங்க!”

தமயந்தி மறுத்துவிட்டாள். காலையில் நீதிமன்றத்துக்கு வரும்படி ரோசலினுக்குச் சொல்லி அனுப்பினாள். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பதவி போயிருந்தது.

மறுநாள் நீதிமன்றக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. செல்வின் காரிலிருந்து இரண்டு நாற்காலிகளை இறக்கி வாசலிலேயே போட்டார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோசலின் தயங்கி நின்றாள்.

கறுப்பு அங்கியைச் சரிசெய்துகொண்டு தமயந்தி உட்கார்ந்தாள்.

“உக்காரும்மா. சொல்லு, கேக்கறேன்.”