குழாய் விலகிய நிலம்

“எங்க வூட்டு சமாதி இருக்கிற எடம் சார் இது. லைனை அந்தாண்ட மாத்துங்க” என்றான் கோவிந்தன்.

எரிவாயுக் குழாய் பதிக்க வந்த இன்ஜினீயர் சலித்துக்கொண்டார். சமாதி இருந்தால் குழாயின் பாதையை மாற்றுவார்கள் என்ற பேச்சு மலையடிவாரம் முழுக்கப் பரவியிருந்தது. காலையிலிருந்து போகிற நிலமெல்லாம் யாரோ ஒருவரின் சமாதியாகவே இருந்தது.

கணவனுக்குப் பின்னால் நின்ற பாஞ்சாலிக்கு அவன் சொல்வது பொய் என்று தெரியும். அவன் அப்பனும் ஆத்தாளும் ஊர் இடுகாட்டில் கிடக்கிறார்கள்.

அவனும்தான் என்ன செய்வான்? குழாய் போகிற தடத்தில் கிணறு இருக்கக் கூடாதாம். கிணற்றை மூடினால் அந்த மேட்டு நிலத்தில் எள்ளுகூட முளைக்காது.

“நம்பலைன்னா தோண்டிப் பாருங்க சார்.”

சமாதியை எவன் தோண்டுவான் என்கிற தைரியம் அவனுக்கு.

இன்ஜினீயர் கடப்பாரைக்காரனைக் கூப்பிட்டார்.

கோவிந்தனின் முகம் செத்துப்போனது. கை போன போக்கில் வரப்போரமாக ஓர் இடத்தைக் காட்டினான்.

பாஞ்சாலி கிணற்றைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.

“அங்க இல்லண்ணா. இங்க” என்று புளியமரத்தடியில் போய் நின்றாள்.

கோவிந்தன் அவளை நன்றியோடு பார்த்தான். இடம் மாற்றி மாற்றிக் காட்டி இழுத்தடிக்கிறாள், கெட்டிக்காரி என்று நினைத்திருப்பான்.

முழங்கால் ஆழத்தில் கடப்பாரை முனையில் துணி சிக்கியது. மக்காத நைலக்ஸ் புடவைத் துணி. மஞ்சளில் சிவப்புப் பூ. உள்ளே விரல் நீளத்துக்குச் சில எலும்புகள்.

கடப்பாரைக்காரன் செருப்பைக் கழற்றினான்.

“மூடிடுப்பா” என்று கோவிந்தனிடம் சொன்னார் இன்ஜினீயர். அதற்குமேல் அவர் நிற்கவில்லை. அவருடைய ஆட்கள் அடையாளக் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்து நிலத்துக்குப் போனார்கள்.

கிணறு தப்பியது.

கோவிந்தன் அந்தத் துணியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் திருப்பத்தூரில் அவன் எடுத்துக்கொடுத்த புடவை அது.

அவன் குடகுக்குக் காப்பிப்பழம் பறிக்கப் போன வருடம் அவள் ஏழு மாதம். ‘வயித்தை வெச்சிக்கினு நெலத்துப் பக்கம் போவாத’ என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினான். மழை இறங்கும் முன் சாமையை அறுக்காவிட்டால் தின்பதற்கு ஒன்றும் இருக்காது என்று அவள் தனியாக வந்தாள். இந்த மரத்தடியில்தான் வலி கண்டது. எழுந்து நடக்கத் தெம்பில்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓர் ஆள் இல்லை.

‘ஆஸ்பத்திரியில செத்தே பொறந்துச்சாம். என்கிட்ட காட்டாமலே எடுத்துட்டாங்க’ என்று மறுநாள் அவனுக்குப் போனில் சொன்னாள். அவன் நம்பினான். அதன் பிறகு அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

கோவிந்தன் குழியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஒரு பிடி மண்ணை எடுத்தான், போடவில்லை.

“அழுதுச்சா?” என்று கேட்டான்.

பாஞ்சாலி இல்லை என்று தலையாட்டினாள்.

பொழுது சாயும்வரைக்கும் அது அழுதது.