எட்னாவுக்கு ஒரு மெழுகுவத்தி

“துரோகி வந்துட்டான்டா!”

பெட்ரோல் பங்க்கில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். லெனிக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

கத்தியவன் ரோஸ்கோ. நெஞ்சு வரை தாடி. தோல் கோட்டின் முதுகில், மூடிப்போன ‘ஹேமர்’ ரேடியோவின் சுத்தியல் சின்னம்.

“விடிஞ்சா ஓநாய் மாதிரி ஊளை விட்டு ஊரை எழுப்புவியே, அந்த லெனி எங்கய்யா போனான்? இப்ப என்னடான்னா தொட்டில் ஆட்டற மாதிரி பேசறே!”

“ஸ்டேஷனையே மாத்திட்டாங்க ரோஸ்கோ. நான் என்ன பண்ணட்டும்?”

“ரோஷம் இருந்தா அன்னிக்கே வெளிய வந்திருப்பே!”

மோட்டார் சைக்கிளை உறுமவிட்டுக்கொண்டு போய்விட்டான். லெனிக்கு அழுகையே வந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் துடைத்துப் போட்டிருப்பார். சொன்னது ரோஸ்கோ ஆயிற்றே.

அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரையில், காலை ரேடியோவில் லெனி விடும் அந்த ஊளையைக் கேட்காமல் யாரும் காபி குடித்ததில்லை. ஆலை வாசலில், பனி வாரும் லாரியில், பையன்களின் ஓட்டைக் காரில், எங்கும் காது கிழியும் கிதார்தான். நடுநடுவே லெனியின் குரல். கோடைக் கச்சேரியில் அவர் மேடையேறி ஊளையிட்டால், ஏரிக்கரை மொத்தமும் பதிலுக்கு ஊளையிடும். முதல் வரிசையில் ரோஸ்கோ நிற்பான். என்ன நாட்கள் அவை! இனி வருமா?

ஒரு வெள்ளிக்கிழமை ஹேமர் நின்றது. அன்று முழுக்க ரேடியோவில் வெறும் ஏரி அலைச் சத்தம். பாதி ஊர் ரேடியோவைத் தட்டித் தட்டிப் பார்த்தது. மறுநாள் அதே அலைவரிசையில் ‘ஏரிக்காற்று’ பிறந்தது. எல்லாம் இதமான காதல் பாட்டுகள். பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் ஓடுமே, அந்த ரகம்.

கூட இருந்தவர்கள் எல்லோருக்கும் சீட்டுக் கிழிந்தது. லெனி மட்டும் மிச்சம். அதற்கும் மேனேஜர் மாரீன் ஒரு கொக்கி போட்டாள்.

“மேலிடத்துல உங்க இடத்துக்கும் வெளியூர்லேர்ந்து பதிவு பண்ணின குரலை அனுப்பறோம்ங்கறாங்க லெனி. நேயர்கள் போன் பண்ணினா உங்களுக்காக நான் வாதாடலாம். போன் அடிக்கலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

அந்த ராத்திரி லெனி தூங்கவில்லை. ஊளையிடுவதைத் தவிர வேறு தொழில் தெரியாத மனிதர், இந்த வயதில் எங்கே போவார்?

ஆனால் போன் அடித்தது. முதல் வாரத்திலிருந்தே விடாமல் அடித்தது.

“சார், நான் ஹெரால்ட். இன்னிக்குக் கல்யாண நாள். என் பெண்டாட்டிக்கு இதமா ஒரு பாட்டுப் போடுங்களேன்.”

“நான் எட்னா பேசறேன் தம்பி.” சளி கட்டிய கீச்சுக் குரல். “உன் பேச்சைக் கேட்டாத்தான் எனக்குப் படபடப்பு அடங்குது. நிலா, ரோஜான்னு வர்ற பாட்டா ஒண்ணு போடுப்பா.”

எவ்வளவு பண்பான ஜனங்கள்! பழைய கூட்டம் கைவிட்டால் என்ன, புதுக் கூட்டம் தாங்குகிறதே என்று லெனி மனதைத் தேற்றிக்கொண்டார். ஒரே ஒரு குறைதான். போன் பண்ணிப் பரிசு விழுந்தால் நேயர்கள் ஸ்டேஷனுக்கு நேரில் வந்து வாங்கிப் போவது வழக்கம். இந்த நேயர்களில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. பரிசாகக் கொடுக்கவேண்டிய வாசனை மெழுகுவத்திகள் குவிந்து, ஆபீஸே சோப்புக் கடை போல மணத்தது.

“வயசானவங்க, பாவம். நானே கொண்டு போய்க் குடுத்துடறேன்,” என்று எட்னாவின் போன் நம்பருக்கு உரிய விலாசத்தைத் தேடி எடுத்தார் லெனி. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்.

நிகழ்ச்சி முடிந்ததும் தலையை வாரிக்கொண்டு, ஒரு கையில் மெழுகுவத்தியும் மறு கையில் பூங்கொத்துமாகப் போய் இறங்கினார். அங்கே வீடு இல்லை. மோட்டார் சைக்கிள் ரிப்பேர் ஷெட் ஒன்று இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவன் ரோஸ்கோ.

“துரோகிக்கு இங்க என்னய்யா வேலை?”

“எட்னான்னு ஒரு அம்மா... இந்த விலாசம்தான் போட்டிருந்தது. தப்பா வந்துட்டேன் போல.”

ரோஸ்கோவுக்குத் தாடிக்குள் முகம் சிவந்தது. அதற்குள் ஒரு வண்டிக்கு அடியிலிருந்து, வந்தது யார் என்று தெரியாமல் ஒரு குரல் கேட்டது.

“அண்ணே, நாளைக்கு ஹெரால்டுக்குக் கல்யாண நாளா, பிறந்த நாளா? போன வாரந்தானே கல்யாண நாள் சொன்னேன்!”

“வாயை மூடுடா!”

லெனி அந்த வண்டியைப் பார்த்தார், ரோஸ்கோவைப் பார்த்தார்.

“ரோஸ்கோ... நீங்கதானா? எல்லாருமே நீங்கதானா?”

“பின்னே? பக்கத்து ஊர் ஸ்டேஷன்ல போன் அடிக்கலைன்னு ஆளைத் தூக்கிட்டு மெஷினை வச்சானுங்களே, எங்களுக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன்யா என்னைத் துரோகி துரோகின்னு...”

“துரோகிதான்! அந்தப் பாட்டைக் கேட்டா எங்களுக்குக் குமட்டுது. ஆனா காலையில உன் குரல் கேக்கலைன்னா ஒரு நட்டைக் கழட்டக் கை வரமாட்டேங்குதே, என்ன பண்றது?”

லெனி கண்ணைத் துடைக்கப் பார்த்தார். இரண்டு கையும் நிறைந்திருந்தது.

ரோஸ்கோ முறைத்தபடியே கையை நீட்டினான்.

“நின்னு அழாதே. மெழுகுவத்தியைக் குடு. எட்னா நான்தான்.”