அண்ணன் பெயரில் ஒரு குழாய் ரத்தம்

ரத்தம் கொடுத்து வெகுநேரமாகியும் மடக்கிய முழங்கைக்குள் பஞ்சை இடுக்கியபடியே தம்பி லேப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். வெறும் வயிறு கடமுடவென்கிறது. தடுப்புக்கு அப்பால் ரத்தம் சுழற்றும் இயந்திரம் வண்டாக ரீங்கரித்து, தளர்ந்து, ஓய்கிறது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே காலை வெயிலில் அண்ணன் ஓட்டும் பள்ளிக்கூட பஸ் மஞ்சளாய் நிற்கிறது. அதன் பின்ஜன்னல் தூசியில் எந்தக் குழந்தையோ விரலால் வரைந்த பூ. டிரைவர்களிடம் ரத்தப் பரிசோதனை முடிவு கேட்டிருக்கும் பள்ளி நிர்வாகத்துக்கு அண்ணனுக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால்தான் கல்லைத் தின்றாலும் செரிக்கிற தம்பி, அண்ணன் பெயரைச் சொல்லிக் கையை நீட்டியிருக்கிறான்.

அந்தப் பெயரைத்தான் லேப் பெண் இப்போது கூப்பிடுகிறாள். அவனுக்கு எழுந்திருக்க ஒரு கணம் பிந்துகிறது. "முன்னூத்திப் பத்து சார், வெறும் வயித்துலயே. இத்தனை நாள் ஒண்ணுமே தெரியலையா?" அவள் குரலில் அதட்டல் இல்லை. தான் ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்ததை வெக்கை என்றல்லவா நினைத்திருந்தான். "வேற யாரோடதாவது மாறியிருக்குமோ மேடம்?" அவள் குழாயைத் திருப்பிக் காட்டுகிறாள். ஒட்டியிருக்கும் சீட்டில் கொட்டை எழுத்தில் அண்ணன் பெயர். "உங்க பேர்தானே?" முழங்கையிலிருந்து பஞ்சு நழுவித் தரையில் விழுகிறது. "என் பேர்தான்."

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அண்ணன் வருகிறான், இரண்டு கையிலும் ஆவி பறக்கும் டீ. "பாவம், பட்டினியாக் கிடந்தியேடா. உனக்குச் சர்க்கரை தூக்கலாப் போடச் சொன்னேன், குடி."