வியாழக்கிழமைக்காரர்

நூலக மாடியில், எழுதப் படிக்கப் பழகுகிறவர்கள் சேர்ந்து ஒரு கதை எழுதினார்கள். செவ்வாய்க்கிழமைக் குழு விட்ட இடத்திலிருந்து வியாழக்கிழமைக் குழு தொடரும்.

சலவைக்கடையில் இஸ்திரி போடுகிற அக்கா, செவ்வாய்க் குழு. வீட்டில் தையல் கிளாஸ் என்று சொல்லியிருந்தாள். தினமும் காலையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருகிற கணவருக்கு உண்மை தெரிந்தால் மானம் போய்விடுமே!

"டீச்சர், நம்ம கதையில வர்ற கப்பல் சமையல்காரியை நான் கடல்ல தள்ளிவிட்டா, வியாழக்கிழமைக்காரர் ஒருத்தர் எப்படியும் காப்பாத்திடறார். போன வாரம் சூடா காபி வேற குடுத்திருக்கார்!"

"கடைசி நாள் எல்லாரும் சேர்ந்து வாசிக்கப்போறீங்க. நேர்லயே பாத்துக்குங்க."

அந்த நாளும் வந்தது. அக்கா தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் தன் பகுதியை வாசித்து முடித்தாள். கைதட்டல் அடங்கியதும் டீச்சர், "அடுத்து சமையல்காரியைக் காப்பாத்தற வியாழக்கிழமைக்காரர், நம்ம வெல்டர்" என்றார்.

பின்வரிசையில் எழுந்தவர் வாசிக்கவில்லை, அக்காவையே பார்த்தார். திரும்பிய அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நொடி இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"முன்னாடியே பழக்கமா?" என்றார் டீச்சர்.

"பதினெட்டு வருஷமா ஒரே வீட்லதான் இருக்கோம். நான் பட்டறையில ஓவர்டைம்னு சொல்லிட்டு வந்தேன். இவ என்ன சொன்னான்னு இவளையே கேளுங்க."

வெல்டர் மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தார். தடுமாறிய இடத்தில் அவள் மெல்ல எடுத்துக்கொடுத்தாள்.